வாசகர் கேள்வி – பதில்: நெட், பி.ஜி. டி.ஆர்.பி. ஆங்கிலம்

நெட் தேர்வுக்கும் பி.ஜி. டி.ஆர்.பி.க்கும் சேர்த்துப் படிக்கிறேன். இரண்டுக்கும் ஒரே குறிப்பேடு போதுமா?
– முதுகலை மாணவி, திருவண்ணாமலை

இலக்கியத்துக்குப் போதும், மற்றதற்குப் போதாது. அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கான பி.ஜி. டி.ஆர்.பி.யில் 150 கேள்வி, 150 மதிப்பெண். அதில் பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10. இதைத் தவிர தமிழ்த் தகுதித் தேர்வு ஒன்று உண்டு: 30 கேள்வி, 50 மதிப்பெண். அதில் 20 வாங்காவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கிலம் படித்தவர்கள் இதை அலட்சியமாக விடுவதுண்டு. வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது பள்ளித் தமிழ்ப் புத்தகங்களைப் புரட்டுங்கள்.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட்டில் முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டும் ஒரே அமர்வில், மூன்று மணி நேரத்தில். இரண்டு தேர்விலுமே தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எனவே எந்தக் கேள்வியையும் காலியாக விட்டுவிட்டு வராதீர்கள்.

நெட் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். முதல் நான்கும் நாடகம், கவிதை, புனைகதை, உரைநடை. மீதி ஆறு: மொழியும் கற்பித்தலும், இந்தியாவில் ஆங்கிலம், பண்பாட்டு ஆய்வுகள், விமர்சனம், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கோட்பாடு, ஆராய்ச்சி முறைகள். சாசரில் தொடங்கி எலியட்டுக்கு வந்து சேர்வதற்குள் எட்டு மாதம் ஓடிவிடுகிறது. பிந்தைய ஆறு அலகையும் கடைசி மாதத்தில் அள்ளித் தெளித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். இலக்கியக் கடலுக்குக் கரை கிடையாது. இந்த ஆறில் பலவற்றுக்குக் கரை உண்டு. பண்பாட்டு ஆய்வுகளின் தொடக்க காலத்தைப் பாருங்கள்: ஹாகர்ட்டின் நூல் 1957, ரேமண்ட் வில்லியம்ஸின் 'கல்ச்சர் அண்ட் சொசைட்டி' 1958, இ.பி. தாம்சன் 1963, பர்மிங்காம் மையம் 1964, ஸ்டூவர்ட் ஹாலின் 'என்கோடிங், டிகோடிங்' கட்டுரை 1973. ஹால் சொல்லும் மூன்று வாசிப்பு நிலைகளையும் (ஆதிக்க நிலை, பேரம் பேசும் நிலை, எதிர்நிலை) சேர்த்தாலும் அரைநாள் வேலை. எம்.எல்.ஏ. (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) மேற்கோள் முறையில் வரும் ஒன்பது கூறுகள் ஒரு பிற்பகல். ஆசிரியர், மூலத்தின் தலைப்பு, அது அடங்கியிருக்கும் பெரிய தொகுப்பின் தலைப்பு, பிற பங்களிப்பாளர், பதிப்பு, எண், பதிப்பகம், தேதி, இடம் என்ற வரிசை மாறாமல் எழுதிப் பழகுங்கள். கேள்வியே வரிசையில்தான் இருக்கும்.

கால வரிசைக் கேள்விகள் காலை வாருகின்றன. ஆண்டுகளை எவ்வளவு உருப்போட்டாலும் ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது.
– தனியார் பள்ளி ஆசிரியர், விருத்தாசலம்

ஆண்டைத் தனியாக உருப்போட்டால் மறக்கத்தான் செய்யும். எந்தப் படைப்பு எதற்குப் பதிலாக வந்தது என்று பிடித்துக்கொண்டால் வரிசை தானாக வந்து நிற்கும். பதில் ஒருநாளும் கேள்விக்கு முன்னால் வராதே.

1579இல் ஸ்டீபன் காஸன் கவிதையையும் நாடகத்தையும் வசைபாடி ஒரு நூல் எழுதி, அதைக் கவிஞர் பிலிப் சிட்னிக்கே சமர்ப்பணமும் செய்தார். சிட்னியின் 'அப்பாலஜி ஃபார் பொயட்ரி' பிறந்த சூழல் அது. 1740இல் ரிச்சர்ட்சனின் 'பமீலா' வந்தது. அதைக் கேலி செய்து ஃபீல்டிங் 1741இல் 'ஷமீலா'வும் 1742இல் 'ஜோசஃப் ஆண்ட்ரூஸ்'உம் எழுதினார். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து பர்க் 1790இல் எழுத, அதே ஆண்டில் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் ஆண்களின் உரிமை பற்றிய நூலால் பதில் தந்தார். 1791இல் டாம் பெய்ன் வந்தார். 1792இல் வுல்ஸ்டன்கிராஃப்ட் பெண்களின் உரிமைக்கு நகர்ந்தார். அவருடைய இரண்டு 'விண்டிகேஷன்'களில் எது முதல் என்று கேட்டால் இந்தச் சங்கிலி தெரிந்தவர் தடுமாற மாட்டார். 1820இல் பீகாக் கவிதையைக் கிண்டலடித்தார். 1821இல் ஷெல்லி 'டிஃபென்ஸ் ஆஃப் பொயட்ரி' எழுதினார். 1847இல் 'ஜேன் ஐர்' வந்தது. அதில் மாடியில் அடைபட்டிருக்கும் மனைவியின் பக்கத்துக் கதையை ஜீன் ரைஸ் 1966இல் 'வைட் சர்காஸோ சீ'யில் சொன்னார். குறிப்பேட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு சங்கிலி என்று எழுதுங்கள். இருபது பக்கம் சேர்ந்தால் பாதி வரலாறு அதற்குள் வந்துவிடும்.

சங்கிலியில் சேராதவற்றுக்கு ஆண்டுகளே முளைக்குச்சிகள். 1476இல் காக்ஸ்டன் அச்சகம், 1557இல் டாட்டலின் கவிதைத் தொகுப்பு, 1623இல் ஷேக்ஸ்பியரின் முதல் ஃபோலியோ, 1642இல் நாடக அரங்குகள் மூடல், 1660இல் மீண்டும் திறப்பு, 1798இல் 'லிரிகல் பாலட்ஸ்', 1859, எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' வந்த 1922. இந்த 1859 ஒரு கொழுத்த ஆண்டு. டார்வினின் 'ஆரிஜின் ஆஃப் ஸ்பீஷீஸ்', ஜார்ஜ் எலியட்டின் 'ஆடம் பீட்', டிக்கன்ஸின் 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்', ஃபிட்ஸ்ஜெரால்டின் 'ருபையாத்' முதல் பதிப்பு எல்லாம் அதில்தான்.

இனி பொறிகள். எழுதிய ஆண்டு வேறு, அச்சான ஆண்டு வேறு. வயட் 1542இலும் சரே 1547இலும் இறந்துவிட்டார்கள். அவர்களுடைய சானெட்டுகள் (பதினான்கு அடிக் கவிதைகள்) டாட்டல் வழியாகப் பரவலாக அச்சேறியது 1557இல். சிட்னி இறந்தது 1586. 'அப்பாலஜி' அச்சானது 1595. ஷெல்லியின் 'டிஃபென்ஸ்' வெளிவந்தது 1840. ஹாப்கின்ஸ் 1889இல் மறைந்தார். நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டது 1918. அதனால் அவரை விக்டோரியா காலத்தில் வைப்பதா, இருபதாம் நூற்றாண்டில் வைப்பதா என்பது கேள்வியின் சொற்களைப் பொறுத்தது. 'பிறந்த வரிசை' என்கிறார்களா, 'வெளிவந்த வரிசை' என்கிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படியுங்கள்.

பதிப்புகளிலும் இதே வம்பு. 'பாரடைஸ் லாஸ்ட்' 1667இல் பத்துக் காண்டம். 1674 பதிப்பில்தான் பன்னிரண்டு. 'லிரிகல் பாலட்ஸ்' 1798 பதிப்பில் சிறு முன்குறிப்பு மட்டும் இருந்தது. புகழ்பெற்ற முன்னுரை 1800இல் வந்து 1802இல் விரிந்தது. 'டாக்டர் ஃபாஸ்டஸ்' 1604 பிரதி ஒன்று, 1616 பிரதி இன்னொன்று. வேர்ட்ஸ்வர்த் 1850இல் மறைந்த பிறகே 'பிரெல்யூட்' வெளிவந்தது. டென்னிசனின் 'இன் மெமோரியம்' வந்ததும், அவர் அரசவைக் கவிஞரானதும் அதே ஆண்டு.

தேர்வறையில் ஐந்து படைப்புக்கும் ஆண்டு தெரிய வேண்டியதில்லை. உறுதியாகத் தெரிந்த ஒரு ஜோடியை எடுத்து, அந்த வரிசைக்கு ஒத்துவராத விடைகளை அடியுங்கள். இன்னொரு ஜோடி கிடைத்தால் பெரும்பாலும் ஒரே விடைதான் மிஞ்சும்.

டிரைடனின் 'எஸ்ஸே ஆஃப் டிரமாட்டிக் பொயசி'யில் வரும் நால்வரும் எனக்குக் குழப்பம்.
– பெயர் தரவில்லை, கரூர்

கிரைட்டீஸ் பழைய கிரேக்க, ரோமானியர் பக்கம். யூஜீனியஸ் அவருக்கு எதிராக நவீனர் பக்கம். லிசிடியஸ் பிரெஞ்சு நாடகத்தின் பக்கம். நியாண்டர் அவருக்கு எதிராக ஆங்கில நாடகத்தின் பக்கம், இவர்தான் டிரைடன். இரண்டு வழக்கு, நான்கு வக்கீல். 1668இல் வெளிவந்தது.

மொழி கற்பித்தல் முறைகள் எல்லாமே ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆடியோ லிங்குவல், கம்யூனிகேட்டிவ், டாஸ்க் அடிப்படை என்று பெயரை மட்டும் மனப்பாடம் செய்கிறேன். கேள்வியைத் திருப்பிக் கேட்டால் விழிக்கிறேன்.
– பி.எட். முடித்தவர், ராஜபாளையம்

பெயர்ப் பட்டியல் ஒரு மதிப்பெண்ணுக்கு உதவும். காட்டெக்னோ என்றால் சைலண்ட் வே, லோசனவ் என்றால் சஜஸ்டோபீடியா, சார்லஸ் கரன் என்றால் கம்யூனிட்டி லாங்குவேஜ் லேர்னிங், ஜேம்ஸ் ஆஷர் என்றால் டி.பி.ஆர். (டோட்டல் ஃபிசிகல் ரெஸ்பான்ஸ்). இதோடு அது முடிந்தது.

மற்றதற்கு ஒவ்வொரு முறையிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். மொழி என்றால் என்ன என்கிறது? அதை மனிதர் எப்படிக் கற்கிறார் என்கிறது? அப்படியானால் வகுப்பில் என்ன நடக்கும்? ஆடியோ லிங்குவலை இதில் போட்டுப் பாருங்கள். மொழி என்பது அமைப்புகளின் அடுக்கு. கற்றல் என்பது பழக்கம். ஆகவே வகுப்பில் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் டிரில், தவறு வந்தால் உடனே திருத்தம். பழக்கம் என்ற தூணை 1959இல் மொழியியலாளர் சாம்ஸ்கி, நடத்தையியலாளர் ஸ்கின்னரின் நூலுக்கு எழுதிய மதிப்புரையில் அடித்தார். தூண் ஆடியதும் முறையும் ஆடியது. சாம்ஸ்கி 1965இல் 'காம்பிடென்ஸ்' (மனத்தில் உள்ள மொழியறிவு), 'பெர்ஃபார்மன்ஸ்' (அதைப் பயன்படுத்துவது) என்று பிரித்தார். இலக்கணம் மட்டும் தெரிந்தால் போதுமா, யாரிடம் எப்போது எப்படிப் பேசுவது என்று தெரிய வேண்டாமா என்று டெல் ஹைம்ஸ் கேட்டார்; 'கம்யூனிகேட்டிவ் காம்பிடென்ஸ்' பிறந்தது. கனாலும் ஸ்வெயினும் 1980இல் அதை இலக்கணத் திறன், சமூகமொழித் திறன், உத்தித் திறன் என்று மூன்றாக்கினார்கள். நான்காவதான 'டிஸ்கோர்ஸ்' திறனை 1983இல் கனால் தனியாகச் சேர்த்தார். '1980இல் எத்தனை?' என்று கேட்டால் நான்கு என்று குறித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு.

கலைச்சொல் குழப்பம் ஒன்று. எட்வர்ட் ஆந்தனி 1963இல் 'அப்ரோச், மெத்தட், டெக்னிக்' என்று மூன்று படி வைத்தார். அதில் மெத்தட் நடுப்படி. ரிச்சர்ட்ஸ், ராஜர்ஸ் 1986இல் 'அப்ரோச், டிசைன், புரொசீஜர்' என்றார்கள். இங்கே மெத்தட் என்பது மூன்றையும் மூடும் குடை. சொல் ஒன்று, இடம் வேறு.

டாஸ்க் அடிப்படையிலான கற்பித்தலுக்கு நம் ஊரோடு நேரடித் தொடர்பு உண்டு. என்.எஸ். பிரபு தலைமையில் 1979 முதல் 1984 வரை நடந்த 'பெங்களூர் புராஜெக்ட்' சென்னைப் பள்ளியிலும் நடந்தது. மாணவர் கவனம் பொருளின் மேல் இருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே இறங்கும் என்பது அதன் அடிப்படை. ஆகவே வாக்கிய அமைப்புகளின் பட்டியலை வைத்துப் பாடம் திட்டமிடவில்லை. செய்ய வேண்டிய வேலைகளை வைத்துத் திட்டமிட்டார்கள். முதலில் ஆசிரியர் முழு வகுப்போடும் ஒரு முன்வேலையைச் செய்து காட்டுவார். பிறகு அதே மாதிரி வேறொன்றை மாணவர் தனியே செய்வார். குழு வேலைக்கு பிரபு முக்கியத்துவம் தரவில்லை. டாஸ்க் என்றாலே குழு என்று நினைப்பவர் இங்கே வழுக்குவார்.

வேலைகள் மூன்று வகை. ஒருவரிடம் இருக்கும் தகவலை மற்றவருக்குச் சேர்ப்பது தகவல் இடைவெளி. கொடுத்த தகவலிலிருந்து புதியதைக் கணித்து எடுப்பது தர்க்க இடைவெளி; வகுப்புகளின் கால அட்டவணைகளைக் கொடுத்து ஓர் ஆசிரியரின் அட்டவணையைக் கண்டுபிடிக்கச் சொல்வது இதற்கு உதாரணம். கதையை முடித்து வைப்பதுபோல் சொந்த விருப்பத்தைச் சொல்வது கருத்து இடைவெளி. பிரபு அதிகம் நம்பியது நடுவில் உள்ளதை. காரணம், முதலாவதில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். மூன்றாவதில் விடை சரியா தவறா என்று சொல்ல வழியில்லை. நடுவில் உள்ளதில் யோசிக்கவும் வேண்டும், சரிபார்க்கவும் முடியும். அவருடைய 'செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி' 1987இல் வந்தது. மெல்லிய நூல்தான், முழுதாகவே படித்துவிடுங்கள்.

பிழைகள் பற்றிய பகுதிக்கும் இதே வழி. லாடோ 1957இல் தாய்மொழியை வைத்தே சிக்கலைக் கணிக்கலாம் என்றார். 1967இல் கார்டர் பிழையைக் கற்றலின் தடயமாகப் பார்த்தார். தெரியாமல் திரும்பத் திரும்ப வருவது 'எரர்', தெரிந்தும் நழுவுவது 'மிஸ்டேக்'. 1972இல் செலிங்கர் 'இன்டர்லாங்குவேஜ்' (தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் இடைப்பட்ட, கற்பவரின் மொழி) என்றார். 'கோ' (go) என்ற வினைக்குக் குழந்தை 'கோட்' (goed) என்று இறந்தகாலம் சொன்னால் அது எந்தத் தாய்மொழியிலிருந்தும் வந்ததல்ல. ஆங்கில விதியை மிகையாக நீட்டியதால் வந்தது. லாடோவை வைத்து அதை விளக்க முடியாது.

ஒலியியல் எப்போதும் பயம். எங்கிருந்து தொடங்குவது?
– முதுநிலைப் பட்டதாரி, நாகர்கோவில்

தொல்காப்பியத்தின் பிறப்பியலிலிருந்தே தொடங்கலாம். 'இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்' என்று அங்கே படித்ததுதான் இங்கே 'பைலேபியல்'. 'பல் இதழ் இயைய வகாரம் பிறக்கும்' என்றது 'லேபியோடென்டல்'. உறுப்பை வைத்து ஒலியை வகைப்படுத்துவது நமக்குப் புதிதல்ல.

ஆர்.பி. எனப்படும் பிரிட்டனின் தரமான உச்சரிப்பில் 44 ஒலியன்கள் (பொருளை வேறுபடுத்தும் ஒலிகள்) என்பது பாடநூல் கணக்கு: 24 மெய், 12 தனி உயிர், 8 கூட்டுயிர். மெய்களை வகை பிரித்து எண்ணிப் பழகுங்கள். வெடிப்பொலி 6, உரசொலி 9, வெடிப்புரசொலி 2, மூக்கொலி 3, மருங்கொலி 1, அப்ராக்சிமன்ட் 3. கூட்டினால் 24 வர வேண்டும். வராவிட்டால் எதையோ விட்டுவிட்டீர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று சொல் அடையாளம்: குரல் உண்டா, எந்த இடம், எந்த விதம்.

குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் எடுக்காதீர்கள். சிக்கலே அங்கேதான். 'பல்'லில் வரும் பகரத்துக்குக் குரல் இல்லை. 'கம்ப'த்தில் வரும் பகரத்துக்குக் குரல் உண்டு. தமிழில் இடம்தான் இதை முடிவு செய்கிறது; எழுத்து ஒன்றே. ஆங்கிலத்தில் அதே வேறுபாடு சொல்லின் பொருளையே மாற்றிவிடும். ஆக, தமிழுக்கு இவை ஒரே ஒலியனின் இரண்டு மாற்றொலிகள். ஆங்கிலத்துக்கு இரண்டு ஒலியன்கள். 'அல்லஃபோன்' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த கைடிலும் கிடைக்காது. மாறாக, ஆங்கிலத்தில் 'பின்' (pin) என்ற சொல்லின் முதல் ஒலியில் மூச்சு வெடித்து வரும், 'ஸ்பின்'னில் வராது. அது ஆங்கிலேயர் காதில் ஒன்றுதான்; இந்திக்காரருக்கு இரண்டு.

இறந்தகால விகுதியும் பன்மை விகுதியும் அடிக்கடி கேட்கப்படும். முன்னால் குரலற்ற ஒலி இருந்தால் விகுதியும் குரலற்றது, குரல் இருந்தால் விகுதிக்கும் குரல். t, d ஒலிகளில் முடியும் வினைக்கும், 'ஸ்', 'ஷ்', 'ச்' போன்ற ஒலிகளில் முடியும் பெயருக்கும் இடையில் ஓர் உயிர் நுழையும். பார்க்க வேண்டியது ஒலியை, எழுத்தை அல்ல. 'லாஃப்' (laugh) என்ற சொல்லின் எழுத்துகளைப் பார்த்தால் ஏமாறுவீர்கள்.

அசையழுத்தத்துக்கு ஒரு குடும்பத்தைப் பிடியுங்கள்: 'போட்டோகிராஃப்' முதல் அசையில், 'போட்டோகிரஃபி' இரண்டாவதில், 'போட்டோகிராஃபிக்' மூன்றாவதில். 'இக்', 'இட்டி', 'ஷன்' விகுதிகள் பெரும்பாலும் தமக்கு முந்தைய அசைக்கு அழுத்தத்தை இழுக்கும்.

கவிதையில் சீர் பிரிக்கச் சொன்னால் கை நடுங்குகிறது.
– மாணவர், பேராவூரணி

தமிழ் யாப்புப் பழக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். நேர், நிரை என்பது குறில் நெடில் கணக்கு. ஆங்கிலத்தில் அழுத்தக் கணக்கு. நெடில் இருந்தும் அழுத்தம் இல்லாமல் போகலாம். முதலில் பல அசைச் சொற்களுக்கு அகராதி சொல்லும் அழுத்தத்தைக் குறியுங்கள். அடுத்து பெயர், வினை போன்ற கனமான ஓரசைச் சொற்கள். கடைசியில்தான் இடைச்சொற்கள். பிறகு எது அதிகம் திரும்பி வருகிறது என்று பாருங்கள். மெலிவு–வலிவு என்றால் ஐயாம்ப், வலிவு–மெலிவு என்றால் டிரோக்கி. முதல் சீர் மட்டும் மாறியிருந்தால் பயப்படாதீர்கள். ஐயாம்பிக் அடியின் முதலில் டிரோக்கி வருவது சர்வசாதாரணம்.

சானெட் வகைகளை இயைபு ஒலிகளின் எண்ணிக்கையால் பிரிக்கலாம். ஷேக்ஸ்பியர் வகையில் ஏழு. ஸ்பென்சர் வகையில் ஐந்து. ஒரு நாலடியின் கடைசி இயைபு அடுத்ததில் தொடர்வதால் இரண்டு குறைகிறது. பெட்ரார்க் வகையில் நான்கு அல்லது ஐந்து.

தமிழ்ப் படைப்புகளை ஆங்கிலத் தேர்வில் கேட்பார்களா?
– ஆய்வு மாணவி, மேலூர்

கேட்கலாம். நெட் பாடத்திட்டத்தின் முதல் நான்கு அலகுகளில் இந்திய ஆங்கில எழுத்தும் மொழிபெயர்ப்பில் வரும் இந்திய இலக்கியமும் வரலாம். மூலம் தெரிந்த தெம்பில் மொழிபெயர்ப்பாளரை விட்டுவிடாதீர்கள். குறுந்தொகைத் தேர்வு ஏ.கே. ராமானுஜன், 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்', 1967. சிலப்பதிகாரம் ஆர். பார்த்தசாரதி, 1993. பாமாவின் 'கருக்கு' 1992. லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பு 2000. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' ஆங்கிலத்தில் 'ஒன் பார்ட் உமன்'. மொழிபெயர்ப்பு அனிருத்தன் வாசுதேவன்.

இரண்டு கைடுகள் ஒரே கேள்விக்கு இரண்டு விடை தருகின்றன. எதை நம்புவது?
– தேர்வர், ஆம்பூர்

இரண்டையும் வேண்டாம். கைடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுபவை. ஒரு தவறு பத்துப் புத்தகத்தில் இருந்தாலும் தவறுதான். கலைச்சொல்லுக்கு ஏப்ரம்ஸின் 'எ கிளாசரி ஆஃப் லிட்டரரி டெர்ம்ஸ்', நூல், ஆசிரியர், ஆண்டு விவரங்களுக்கு 'ஆக்ஸ்ஃபர்ட் கம்பேனியன்' இரண்டையும் நூலகத்தில் வைத்துச் சரிபாருங்கள். பார்த்த பக்க எண்ணையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாள்தான் தருவார்கள். அப்போது தரமான நூலின் பக்கத்தைக் காட்டினால்தான் எடுபடும். கைடைக் காட்டினால் எடுபடாது.